ஐந்து என்று எழுதியிருந்தேன்

பழுப்புக் குப்பியை உடைத்தது நான்தான்.
மார்ச் மாதம். கையில் ஈரம்.
அதனால்தான் தயோசல்பேட்
தெளிந்த கண்ணாடிக்குக் குடிபெயர்ந்தது,
அதுவும் ஜன்னலோரம்,
வெயில் வந்து உட்காரும் தட்டில்.
குப்பியின் நெற்றியில் என் கையெழுத்து:
0.025 மோலார். தேதி. ஸகோர்கா.

ஆகஸ்டில் ட்ராயான்
முப்பது மீட்டர் ஆழத்திலிருந்து
ஏரியின் மூச்சை எடுத்து வந்தான்.
ஒரு குமிழ்கூட நுழையாமல்
படகிலேயே மாங்கனீசு, பிறகு அயோடைடு, பிறகு மூடி.
குப்பிக்குள் பழுப்பு திரண்டு
திரிந்த பால் போல அடியில் இறங்கும்.
எவ்வளவு பழுப்போ அவ்வளவு ஆக்சிஜன்.
வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்து
"இந்த வருஷம் நல்ல நிறம்" என்றான்.
படகுக்காரனுக்கு அது போதும்.

எனக்குப் போதாது.
அமிலம் விட்டதும் சேறு தேநீராகும்.
பியூரெட்டைத் திறந்தால்
தேநீர் வைக்கோலாகும்.
அப்போது ஸ்டார்ச்.
திடுமென்று ஒரு நள்ளிரவு நீலம்.
இனி வேகம் கூடாது.
துளி. சுழற்று. துளி. சுழற்று.
முனையில் தொங்கும் அரைத் துளியை
குடுவைச் சுவரில் தொட்டு எடுத்து
வாலைநீரால் கழுவி இறக்கு.
நீலம் இருந்த இடத்தில்
ஒன்றுமே இல்லை.
கண் மட்டத்தில் குனிந்து
பிறையின் அடிவயிற்றைப் படித்தேன்.

லிட்டருக்கு ஐந்து மில்லிகிராம்.
போன ஆகஸ்டில் நான்கு புள்ளி எட்டு.

இயக்குநர் கலினா தொலைபேசியை எடுத்தார்.
ரெசென் ஊர் ஆப்பிள்காரர்கள்
"பார்த்தீர்களா, எங்கள் குழாய்களால் ஒன்றும் ஆகவில்லை" என்றார்கள்.
ட்ராயான் பிளம் சாராயம் கொண்டுவந்தான்.
நானும் குடித்தேன்.

செப்டம்பரில் ஸ்கோப்யேயிலிருந்து
புதிய பழுப்புக் குப்பி வந்தது.
பழையதை அதில் ஊற்றும் முன்
ஏனோ ஒரு முறை சோதிக்கலாம் என்று,
அடுப்பில் உலர்த்திய அயோடேட்டை
நான்கு தசமம்வரை நிறுத்தேன்.

0.0236.
கைப்பிசகு என்று இரண்டாம் முறை.
0.0236.
பியூரெட்டைக் கழட்டிக் கழுவி மூன்றாம் முறை.
0.0236.

ஆறு மாதமாக அது இளைத்துக்கொண்டிருந்திருக்கிறது,
என் கையெழுத்து மட்டும் இளைக்காமல்.
இளைத்த கரைசல்
அதே வேலைக்கு அதிகத் துளி கேட்கும்.
கேட்ட துளிகளையெல்லாம்
ஏரியின் வரவில் எழுதிவிட்டேன்.

ஐந்தைப் பெருக்கு.
நான்கு புள்ளி ஏழு.
கூடியது கரைசலின் நோய்.
ஏரியோ குறைந்திருந்தது.

எங்கள் வழக்கம், தவறை அழிக்கக்கூடாது:
ஒரே ஒரு கோடு,
அடியில் இருப்பது படிக்கும்படியாக.
ஐந்தின் வயிற்றில் கோடு இழுத்தேன்.
பக்கத்தில் நான்கு புள்ளி ஏழு. தேதி. பெயர்.
காரணம் என்ற கட்டத்தில் முதலில் "வெயில்" என்று.
பிறகு அதற்கும் ஒரு கோடு.
"ஸகோர்கா."

கலினா நெடுநேரம் நோட்டைப் பார்த்தார்.
"மறுபடி போன் செய்ய வேண்டும்," என்றார்.
செய்தார். ஐந்துக்கு அழைத்த எண்கள் எல்லாவற்றுக்கும்.
ஆப்பிள்காரர்கள் எடுக்கவில்லை.

படகுத்துறை இப்போது சேற்றில் நிற்கிறது.
அங்கிருந்து தண்ணீருக்கு இருநூறு அடி.
எதிர்ப் பாறையில் வெள்ளைக் கோடு,
அளவுக் குடுவையின் கழுத்தில் உள்ளது போல.
மூன்று நாடுகள் மொள்ளும் ஒரே குடுவை.
கோடுவரை நிரப்ப எவருமில்லை.
நீர் போகிறது, கரை விலகுகிறது.
கரைந்தது மட்டும்
போகாமல் உள்ளே நெருங்கி உட்காருகிறது.

ட்ராயானிடம் சொன்னேன்.
வலைப்பையில் காலிக் குப்பிகளை அடுக்கிக்கொண்டே கேட்டான்:
"அப்போ நான் பார்த்த நிறம்?"

"நிறம் சரிதான்," என்றேன்.
"நல்ல நிறம்னு சொன்னேனே."
அதற்கு என்னிடம் அலகு இல்லை.

மாலை புதுக் கரைசல் கலக்கினேன்.
கொதிக்கவைத்து ஆற்றிய நீர்,
சிட்டிகை கார்பனேட்,
அலமாரியின் இருட்டு.
சீட்டில் எண் எழுதினேன். தேதி எழுதினேன்.
கீழே ஐந்து வரிகள்
காலியாக விட்டேன்,
திங்கள்தோறும் மாறப்போகும்
எண்களுக்கு.