நாற்பத்து நான்காவது வடிவம்

திபிலிசியில், ஒன்பதாம் மாடிக்குக்
கணினியைச் சுமந்தது நான்தான்.
லிஃப்டுக்குப் போட அன்று சில்லறை இல்லை.
மக்வாலா ரொட்டிக் கூடையைத் தரையில் இறக்கி
சமையல் மேசையைத் துடைத்தாள்.
அவ்வளவுதான் ஸ்டூடியோ.

முன்பு அரசுக் கூடத்தில்
ஒரு வெட்டுக்கு மூன்று கையெழுத்து.
பிலிமை எண்ணித்தான் தருவார்கள்.
பேச வந்தவர் யோசிக்கத் தொடங்கினால்
கேமராவை நிறுத்திவிடுவது என் வேலை.

இந்த முறை டேப் மலிவு. நிறுத்தவில்லை.
சியாத்துராவில் கம்பிவண்டி ஓட்டும் ஜுஜுனாவிடம்
"பயமில்லையா?" என்று கேட்டோம்.
பதினோரு விநாடி
பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு, "பழகிவிட்டது."

மக்வாலா அதை ஏழாக்கினாள். நான்காக்கினாள்.
தப்பென்றால் ஒரு விசை, பழையபடி ஆகிவிடும்.
அந்த விசைதான் எங்களைத் தூங்கவிடவில்லை.
நாற்பத்து மூன்றாவது வடிவத்தில்
கேள்வியும் பதிலும் ஒட்டி நின்றன.
படம் விறுவிறுவென்று ஓடியது.

சுரங்கத்தார் மன்றத்தில்
படுக்கை விரிப்பின் மேல் காட்டினோம்.
கைதட்டினார்கள்.
ஜுஜுனா மட்டும், கோட்டை மாட்டிக்கொண்டே:
"நான் அவ்வளவு சீக்கிரமாகவா சொன்னேன்?"

திரும்பும் மினிபஸ்ஸில் யாரும் வாய் திறக்கவில்லை.
காலணியைக்கூடக் கழற்றாமல்
மக்வாலா கணினியை எழுப்பினாள்.
பதினோரு விநாடியும் இருந்தன,
ஏதோ ஒரு கோப்பின் அடியில், கசங்காமல்.

எந்திரம் விடியும்வரை முனகியது.
இந்த வீட்டு மின்சாரம் இரண்டைத் தாங்காது;
ஹீட்டரை அணைத்துவிட்டு
விரல் மரக்கும் தண்ணீரில்
நேற்றைய தட்டுகளைக் கழுவினேன்.
எண்பத்தொரு சதவீதம்.
"சத்தம் போடாதே," என்றாள் மக்வாலா,
"அவள் இன்னும் யோசிக்கிறாள்."