தை ஒன்று

மல்லாவி ஆஸ்பத்திரியில்
சேர்வர் எழும்பவில்லை.
புது ராம் இரண்டு பூட்டினது நான்தான்.

கிளினிக் நாள். வெளியே வாங்குகளில்
சிறுநீரகக்காரர், கையில் நம்பர் துண்டு.
"இன்னும் எவ்வளவு நேரம் தம்பி?"
மிஸ்ஸி சுகிர்தினிக்கு இது நாலாம் தரம்.

புதுசைக் கழற்றிப் பழசையே போட்டேன்.
அதுக்கும் அசையவில்லை.
எந்த வட்டிலிருந்து எழும்புவதென்று
மறந்துபோய்க் கிடந்தது.

பலகை மூலையில்
ரூபாய்க் குற்றியளவு பற்றரி.
எப்பவோ செத்திருக்கிறது.
கரண்ட் இருக்கும்வரை ஒருவருக்கும் தெரியாது.
பிளக்கைப் பிடுங்கினதும் நான்தான்.

சந்தி மணிக்கூட்டுக் கடையில்
ஒன்று வாங்கிவந்து அமத்தினேன்.
நீலத்திரை வந்து
இன்றைய திகதி சொன்னது:
2009, தை ஒன்று.

சுகிர்தினி எட்டிப் பார்த்தா.
"தள்ளும்" என்று கீபோர்ட்டை இழுத்தா.
மேலம்புக் கட்டையை
அமத்திப் பிடித்திருந்தால் ஓடியிருக்கும்.
ஒவ்வொன்றாய்த்தான் அமத்தினா.
பத்து.
பதினொன்று.
பன்னிரண்டு.
நான் ஸ்குரூக்களை எண்ணினேன்.

பிறகு வட்டு ஒழுங்கு கொடுக்க
சேர்வர் எழும்பியது.
வெளியே முதலாம் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

புது ராம் இன்னும் என் பொக்கற்றுக்குள்.
அதில் ஒரு பிழையும் இல்லை.