கோடு

இந்த ஸ்டேஷனின் வருகைப் பதிவேடும் ஜெனரல் டைரியும்
என் கையெழுத்தில்தான் ஓடுகின்றன.
ரைட்டர் மரகதவல்லி, ஏட்டு,
கொருக்குப்பேட்டை கேட் மூடினால் ஊருக்கே லேட்டாகும் தெருவில் வீடு.

வருஷத்துக்கு ஒரு நாள்
கௌரவ கேப்டன் ஞானசிகாமணியின் கட்டத்தில்
ஒரு கோடு இழுப்பேன்.
விடுப்பு இல்லை, ஆப்சென்ட் இல்லை,
வெறும் கோடு.
முந்நூற்று அறுபத்து நான்கு நாள் தற்காலிக எஸ்.ஐ.
மறுநாள் யாருமில்லை.
அதற்கு மறுநாள் புது ஆணை, பழைய தொப்பி.

இருபத்தெட்டு வருஷம் ராணுவம்.
பனி தின்ற இரண்டு கால்விரல்களைக் கேட்டால்
"அதுங்க மட்டும் பர்மனென்ட்டா லீவு" என்பார்.
துப்பாக்கி அறையின் எண்ணிக்கை அவரிடம்தான்,
சாவி மட்டும் வேறொருவரிடம்.

பணி நிரந்தரம் கேட்டு ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டார்.
அரசின் பதில் மனுவை நான்தான் ஃபைலில் கோத்தேன்:
'மனுதாரரின் பணியில் தொடர்ச்சி இல்லை.
இணைப்பு ஆறு, பதிவேட்டின் உண்மை நகல்.'
ஜெராக்ஸில் என் ஆறு கோடுகளும்
நான் இழுத்ததைவிடக் கறுப்பாக விழுந்திருந்தன.

ஏழாவது கோட்டு நாள் டிசம்பர் மழையில் வந்தது.
ஆட்கள் எல்லாம் எர்ணாவூர் முகாமில்.
விடிகாலை மூன்று நாற்பதுக்கு போன்:
சுரங்கப்பாதையில் ஷேர் ஆட்டோ மூழ்குது.
யாரைக் கூப்பிட?

"சார், இன்னிக்கு உங்களுக்கு..." என்று இழுத்தேன்.
"தெரியும்மா. எந்தப் பக்கத்து வாசல்?"

மடித்துக் கட்டிய லுங்கி, கழுத்தில் டார்ச்.
காசிமேட்டு ஏலத்துக்குக் கிளம்பிய நாலு பெண்கள்,
ஓட்டிய பையன்,
மிதந்த கூடைகளில் இரண்டு.
ஆட்டோ புரண்டபோது
இரும்புக் கம்பிக்கும் அதற்கும் நடுவில்
அவருடைய வலது கை.

ஸ்டான்லியில் டாக்டர் படிவத்தை நிரப்பினார்.
"தொழில்?"
கொஞ்ச நேரம் யோசித்து
"இன்னிக்கா?" என்றாராம்.

காலையில் வந்த இன்ஸ்பெக்டர் நல்லவர்தான்.
"பேர் போட்டா டூட்டின்னு ஆயிடும், மரகதம்.
பொதுமக்களில் ஒருவர்னு எழுது."
எழுதினேன்.
கோணாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன்.

அடுத்த நாள் புது ஒப்பந்தம்.
மாவுக்கட்டோடு வந்து இடது கையால் கையெழுத்துப் போட்டார்.
'மாதிரிக் கையொப்பத்துடன் பொருந்தவில்லை' என்று
கமிஷனர் அலுவலகம் திருப்பி அனுப்பியது.
அதனால் இப்போது
கோட்டு நாள் பதினேழாகி நீள்கிறது.
பெஞ்சில் வந்து உட்கார்கிறார்,
மனு எழுதத் தெரியாதவர்களுக்கு வாசகம் சொல்கிறார்.

நேற்று அந்தப் பெண்களில் ஒருத்தி
பாலித்தீன் பையில் சங்கரா கொண்டுவந்தாள்.
"லுங்கி கட்டினு வந்தாரே ஒரு போலீசு,
அவுரு இன்னா பேரு?"

டைரியைப் பார்த்தால் அன்று யாரும் வரவில்லை.
அவளோ பெஞ்சைப் பார்த்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் இரண்டு தரம் கேட்டுவிட்டார்:
மாத முடிவு, பதிவேடு போகணும்,
அந்தத் தேதியில் ஏன் கட்டம் காலியா இருக்கு?
ஸ்கேலை எடுத்து வைத்திருக்கிறேன்.
மீன் பையிலிருந்து சொட்டிய தண்ணீர்
மேஜை விளிம்பு வரை வந்துவிட்டது.
முதலில் அதைத் துடைக்கிறேன்.