மூட்டைக் கணக்கு

தடாவுக்குக் கிழக்கே, ஏரிக்கரையில்
கம்பிவலைக்குள் கருங்கல் அடைக்கிறார்கள்.
வலை ஒன்றுக்கு நூற்றெண்பது ரூபாய்.
போன புயலில் கரைந்துபோன கரைக்கு
இது மூன்றாவது டெண்டர்,
நெல்லூர் காண்ட்ராக்டர் எடுத்தது.

நான் குடைக்குக் கீழே, பேரேட்டோடு.
மதியம் ஆட்கள் கஞ்சி குடிக்கும்போது
போனில் காரல் என்றொரு ஊரைப் பற்றிப் படித்தேன்.
பெரு நாட்டில், மழை மறந்த பாலையில்,
ஒரு சிற்றாற்றுக்கு மேலே
ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னால் எழும்பியது.
சட்டிபானை செய்யத் தெரியாதாம்.
ஆயுதம் ஒன்றும் அகப்படவில்லையாம்;
கூழைக்கடா எலும்பில் புல்லாங்குழல் மட்டும் முப்பத்திரண்டு.

மேட்டில் பருத்தி. கடற்கரையில் நெத்திலி.
பருத்தி வலையாகிக் கீழே இறங்க
நெத்திலி காய்ந்து மேலே ஏறியது.
இவ்வளவுதான் ஆரம்பம்.
இதையேதான் எங்கள் செங்காளம்மாவும்
சூளூர்பேட்டைச் சந்தையில் வாரம் தவறாமல் செய்கிறாள்,
கரைவேலை இல்லாத நாளில்.
நகரம் ஒன்றும் எழும்பக் காணோம்.

அங்கேயும் கல்லை வலையில்தான் கட்டினார்கள்.
புல்லில் முடைந்த பை.
ஓர் ஆள் தூக்குமளவு கல்.
மேலே கொண்டுபோய், பிரிக்காமல்,
பையோடே வைத்துவிட்டு இறங்கினார்கள்
அடுத்த நடைக்கு.
கல்லிடம் வயசு கேட்டால் சொல்லாது.
ஒரே பருவம் வாழ்ந்த அந்தப் புல்தான்
வருஷத்தைச் சொல்லிக் கொடுத்தது.

"ஏமி சாரு, தனியா சிரிக்கிறே?"
சொன்னேன்.
கையிலிருந்த கல்லைக் கீழே போடாமலே
செங்காளம்மா கேட்டாள்:
"கூலி யாரு குடுத்தா?"
தெரியலையாம். நெத்திலியா இருக்கலாம்.
"எண்ணுனது?"

முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று
அங்கே கிடைத்திருக்கிறது.
கணக்காக இருக்கலாம் என்கிறார்கள்.
அப்படியானால் ஏதோ ஒரு நாள்
வரிசையிலிருந்து ஒருவன் விலகியிருக்க வேண்டும்,
பையை இறக்கிவிட்டு, கயிற்றை மட்டும் எடுத்துக்கொண்டு
நிழலாகப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும்.
மற்றவர்கள் ஒன்றும் சொல்லாமல்
அவனைத் தாண்டிப் போயிருக்க வேண்டும்.
பிரமிடெல்லாம் அப்புறம்தான்.

குடையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டேன்,
வெயில் திரும்பியிருந்தது.

ஏரிக்கு மேலே நேலபட்டுக் கூழைக்கடாக்கள்
தங்கள் எலும்புகளோடு பறந்து போகின்றன.
கடைசி வலையின் வாயைக் கம்பியால் தைத்துவிட்டு
செங்காளம்மா முந்தானை நுனியில்
எட்டாவது முடிச்சைப் போடுகிறாள்.

என் ஏட்டில் ஏழு.