அனுபானம்

ரூவியில், பர்தா கடைக்கு மேல்மாடியில்,
பக்கத்துக்கு எட்டு ரியால் எங்கள் கூலி.
கல்யாணச் சான்று, மரணச் சான்று,
யாரோ அரியர் வைத்துப் பாஸான பட்டம்,
எல்லாம் அரபியாகி முத்திரை வாங்கிப் போகும்.

அன்று வேதமாணிக்கம் நீட்டியது
மருந்துச் சீட்டு.
மார்த்தாண்டத்திலிருந்து வந்த பார்சல்
ஒன்பது நாளாய்ச் சுங்கத்தில் நிற்கிறது.
திரிகடுகுச் சூரணம் நூறு கிராம்.
தேன் ஒரு குப்பி.
என்ன பொடி, எதற்கு, எப்படி,
எழுதிக் கேட்கிறார்களாம்.

சுக்கு உடனே வந்தது. மிளகும்.
திப்பிலிக்குப் பக்ரி போனில் படம் பார்த்தார்.
'அனுபானம்: தேன்'
என்ற இடத்தில்தான் என் விரல் நின்றது.

கார்ட்டூமில் சட்டம் படித்தவருக்கு
என் ஓட்டை அரபியில் சொன்னேன்:
மருந்து தனியாக உள்ளே போகாது.
கூட ஒன்று போக வேண்டும்.
தேனோடு போனால் இருமலுக்கு,
வெந்நீரோடு போனால் வயிற்றுக்கு,
நெய்யோடு என்றால் வேறெதற்கோ.
பொடி அதே பொடி.

"அட, கஃபீல்!" என்றார் பக்ரி.
இருவரும் சிரித்தோம்.
வேதமாணிக்கம் சிரிக்கவில்லை.
சோஹாரில் அவர் வெல்டர்.
கஃபீல் மாறியதும் பர்க்காவில்
ஈச்சந்தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சினார்.
இப்போது அட்டையில் 'துப்புரவு'.

சுங்கத்துக்கு அப்படி எழுத முடியுமா?
அடித்துவிட்டு, 'முராஃபிக்' என்று போட்டார் பக்ரி.
உடன் வருபவர்.
ஆஸ்பத்திரியில் படுக்கை தருமுன்
படிவத்தில் கேட்பார்களே, அந்தச் சொல்.
"போன மாசம் மார்ச்சளிக்குப் படுத்தப்ப
அந்தக் கட்டத்துல கோடு போட்டேன்"
என்றார் வேதமாணிக்கம்.
யாரும் கேட்கவில்லை.

அடுத்த வியாழன் படியேறி வந்தார்.
பொடியை விட்டுவிட்டார்களாம்.
தேனைப் பிடித்துக்கொண்டார்கள்:
அதற்குத் தனி அனுமதி வேண்டுமாம்.
"இங்கத்தித் தேன் சேருமா, தங்கச்சி?"

எனக்குச் சொல் தெரியும், மருந்து தெரியாது.
கீழே மூன்றாவது கடையில் இலந்தைப்பூத் தேன்,
கால் கிலோ பதினோரு ரியால்.
விலை கேட்டுவிட்டுத்தான் மேலே வந்திருக்கிறார்
என்பது முகத்தில் இருந்தது.

"போட்டும், வெந்நீர்லயே குடிச்சுக்கிடுதேன்."

அது வயித்துக்குல்லா அண்ணா, என்றேன்.

"வயித்துக்குத்தானே வந்தது"
என்று பொட்டலத்தை மடித்துக்
கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

தெருமுனை வரை
இருமல் கேட்டது.