காப்பாளர் கையொப்பம்

முதல் நாள் நான் வகுப்புக்குள் நுழைந்ததும்
அறுபது பேரும் எழுந்து நின்றார்கள்.
வணக்கம் சார் என்றது ஒரே குரல்.
நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தேன்.
கொஞ்ச நேரம் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.
பிறகு வெடித்த சிரிப்பில்
ஜன்னலில் அப்பியிருந்த ஊட்டி மூட்டம்
ஓரடி பின்வாங்கியது.

பி.ஏ. வரலாறு, முதலாண்டு.
வயது முப்பத்தொன்பது.
பதினேழு வருடம் சிக்னல்ஸ்.
வருகைப்பதிவில் என் பெயரைக் கூப்பிட்டால்
‘உள்ளேன் ஐயா’ வாய்க்கு வருமுன்
பெஞ்சுக்கு அடியில்
குதிகால்கள் ஒன்றையொன்று தேடிக்கொள்கின்றன.

எங்களுக்கென்று ஓர் அறை உண்டு:
விளையாட்டுச் சாமான் கிடங்கில் பாதி.
மறு பாதியில் ஈட்டிகள், காற்றுப்போன வாலிபால்கள்.
பலகை எழுதியவர் நடுவில் இடம் விட்டுவிட்டார்:
முன் நாள் படைவீரர் மாணவர் மன்றம்.
திருத்த வேண்டாம் என்றாள் பிலோமி,
ராணுவ மருத்துவமனையில் ஐந்து வருடம் வார்டு பார்த்தவள்.
“நேத்து வரைக்கும்தானே வீரர்கள்.
இன்னைக்கு அசைன்மென்ட் வைக்காதவங்க.”

பெரிய காரியம் எதுவும் இங்கே நடப்பதில்லை.
சுபைரின் ஓய்வூதியத்தில் பிடித்த பணம் எங்கே போனதென்று
மூன்று மாதமாக ஒரே கடிதத்தை எழுதுகிறோம்.
யோகராசா ஆங்கிலம் சொல்லித் தருகிறார்.
செயப்பாட்டு வினை யாருக்கும் ஏறவில்லை;
‘நாங்கள் அனுப்பப்பட்டோம்’ என்பதை மட்டும்
ஐந்து பேரும் தப்பில்லாமல் சொல்வோம்.
போஜன் ஹீட்டர் கம்பியில் வர்க்கியைச் சூடுபண்ணுவான்.
கரிய விடுவான். கரிந்ததையே தின்போம்.

உதவித்தொகைப் படிவம், பதினான்காம் கட்டம்:
பெற்றோர் அல்லது காப்பாளர் கையொப்பம்.
அப்பா போனபோது நான் லடாக்கில்,
சாலையைப் பனி மூடியிருந்தது.
காலியாக விட்டால் கணினி ஏற்காது என்றார் கிளார்க்.
நான் போடட்டுமா என்றாள்
ஒன்பதாவது படிக்கும் என் மகள்.
கடைசியில் போஜன் பேனாவைத் திறந்தான்.
உறவுமுறை என்ற இடத்தில் சற்று யோசித்து
‘பக்கத்து பெஞ்ச்’ என்று எழுதினான்.
எப்படியோ ஏற்றுக்கொண்டது கணினி.
அவனுக்கு நான் போட்டேன்.

நவம்பரில் பன்னிரண்டு நாள் அவன் வரவில்லை.
போனும் எடுக்கவில்லை.
துறையிலிருந்து என் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது:
அன்புடையீர், தங்கள் பிள்ளையின் வருகை
மிகக் குறைவாக உள்ளது.

கேத்தி பாலாடா. விடிகாலை மூன்று மணி.
கேரட் கழுவும் இயந்திரம் உருண்டுகொண்டிருந்தது,
மொத்தப் பள்ளத்தாக்கையும் அதற்குள் போட்டு உருட்டுவதுபோல.
முழங்கால் வரை ரப்பர் பூட்ஸில் போஜன்.
மூட்டையை அவிழ்த்தான், கொட்டினான்,
அடுத்த மூட்டையை அவிழ்த்தான்.
என்னைப் பார்த்தபின் காதருகே வந்து கத்தினான்:
“லைப்ரரியில ரொம்ப அமைதிண்ணா.”
அதற்கு மேல் அவன் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
அந்த அமைதி எனக்கும் தெரிந்ததுதான்.
கடிதத்தை நீட்டினேன்.
‘தங்கள் பிள்ளை’ என்ற இடத்தில்
அவன் பல் தெரிந்தது.
லாரி ஆறு மணிக்குள் மேட்டுப்பாளையத்துக்கு இறங்க வேண்டும்.
பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு
மூட்டையின் மறு காதைப் பிடித்தேன்.

திங்கட்கிழமை துறைத்தலைவர் அறை.
அவர் என்னைவிட நான்கு வயது சின்னவர்.
போஜன் தலைகுனிந்து நிற்க,
நகக்கண்ணில் செம்மண்ணோடு பக்கத்தில் நான்.
“வீட்டில் கொஞ்சம் கவனிக்கக் கூடாதா?” என்றார்.
சரி மேடம் என்றோம் இரண்டு பேரும்.
நான்கு குதிகால்கள் ஒரே சத்தம்.

வருகையில் இன்னும் மூன்று நாள் குறைகிறது.
மருத்துவச் சான்றிதழ் ஒன்றுக்கு
பிலோமி யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள்.
லைப்ரரி வேண்டாமென்று முடிவானது.
இந்த அறையிலேயே உரக்கப் படிக்கிறோம்,
ஆளுக்கொரு பாடம், ஒரே நேரத்தில்.
அடுத்த அறையிலிருந்து புகார் வந்திருக்கிறது.