மிச்சம்

பெடர் ரோடு ஏற்றத்தில்
நாலரை மணி நேரத்துப் பலூன்
என்னைக் கடந்து போனது.
போகட்டும்.
எனக்கு இன்று பந்தயமில்லை.
மார்ச்சில் வரும் ஐம்பது கிலோமீட்டருக்காக
ஒரு நீண்ட ஞாயிறு, அவ்வளவுதான்.

கால்களுக்கு இது புரிந்துவிட்டது.
பக்கத்து மேசை ஹர்ஷதா
"என்ன, அடிபட்டுவிட்டதா?" என்று
திரும்பிப் பார்த்தபடியே ஓடுகிறாளே,
அவளுக்கு எப்படிச் சொல்வது?
உப்புத் தூவிய ஆரஞ்சுச் சுளையை நீட்டி
"ஜல்தி ஆன்ட்டி, ஜல்தி" என்றான் ஒரு பொடியன்.
சுளையை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

சர்ச்கேட் தாண்டிய பிறகுதான் கொடுமை.
மூச்சு மிச்சம், தொடை மிச்சம்,
கண்ணெதிரே நொண்டுகிறவர்கள் முப்பது பேர்.
பல்லைக் கடித்துக்கொண்டு
மெதுவாக ஓடினேன்.

திங்கள் காலை மாட்டுங்கா ஸ்டேஷன் படிகளில்
நேராகவே இறங்கினேன்.
ஹர்ஷதா இந்நேரம் எங்கோ
கைப்பிடியைப் பற்றிக்கொண்டு
நண்டு போல் இறங்கிக்கொண்டிருப்பாள்.
அதை நினைத்துக் கொஞ்சம்
சந்தோஷப்பட்டேன், பொய் சொல்வானேன்.

செவ்வாய் நாலரைக்கே விழிப்பு.
கால் குறுகுறுத்தது.
எழுந்து போய்
பால்கனியில் கிடந்த ஷூக்களைச்
சுவர் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு
மறுபடி படுத்தேன்.
தூக்கம் வரவில்லை.
படுத்திருந்தேன்.